பஸ் ஸ்டாண்ட் பட்டாளத்துக் கல்லுல எண்ணிக்கை மட்டும்தான் இருக்கு, பேரை எங்க தேடுறது?

ஆத்தோரத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு வேலூர் பக்கம் ஒரு சின்ன பேரூராட்சி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல பழைய சாவடிச் சுவத்துல ஒரு கல்லு பதிச்சிருக்கும், இங்கிலீஷ்ல எழுதியிருக்கும், இந்த ஊர்ல இருந்து இத்தனை பேரு 1914 - 1919 மகா யுத்தத்துக்குப் போனாங்க, அதுல இத்தனை பேரு உயிரைக் கொடுத்தாங்கன்னு. அவ்ளோதான், ஒருத்தர் பேரு கூட கிடையாது. நாங்கெல்லாம் அதை பட்டாளத்துக் கல்லுன்னு சொல்லுவோம், ஆனா யாரு போனாங்கன்னு கேட்டா தெருவுக்கு ஒரு கதைதான் வரும்.

இப்போ ரோடு அகலப்படுத்துறாங்க, சாவடி போகுது. கல்லை ஓரமா எடுத்து வெச்சுட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு கான்ட்ராக்டர் சொல்றாரு, எங்களுக்கு அதுல நம்பிக்கை இல்ல, பக்கத்துல ஒரு ஊர்ல இதே மாதிரி எடுத்து வெச்ச கல்லு அப்புறம் கண்ணுலயே படல. அதனால பசங்களும் ஊர்ல இருக்கிற எக்ஸ்-சர்வீஸ்மேன் பெரியவங்களும் சேர்ந்து ஒரு சின்ன நினைவுத்தூண் கட்டலாம்னு முடிவு பண்ணியிருக்கோம், நடுவுல அந்தப் பழைய கல்லு, சுத்தி கிரானைட்ல பேருங்க. முதல் உலகப்போர், ரெண்டாவது, 62, 65, 71, இலங்கைக்குப் போன அமைதிப்படை, கார்கில் எல்லாம் சேர்த்து. பின்னாடி நடந்த போருங்களுக்கு வீட்டாளுங்க இருக்காங்க, கேட்டா சொல்லுவாங்க. 1914ல போனவங்க பேருக்கு எங்க போறது? செத்தவங்க பேரு மட்டும் போடலாமா, உயிரோட திரும்பி வந்தவங்க பேரும் போடணுமா? ஊர்ல ஒரு பெரியவரு வெள்ளைக்காரனுக்குச் சண்டை போட்டவனுக்கு நம்ம காசுல எதுக்குத் தூணுன்னு கேக்குறாரு, அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னும் தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_காகிதம்:
தம்பி முதல்ல இன்னிக்கே அந்தக் கல்லை நல்லா போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. எழுத்து தேஞ்சிருந்தா ராத்திரில டார்ச்சை நேரா அடிக்காம பக்கவாட்டுல கல்லை ஒட்டின மாதிரி அடிச்சு எடுங்க, பகல்ல கண்ணுக்கே தெரியாத எழுத்தெல்லாம் நிழல் விழுந்து தெரியும். கல்லோட நீள அகலம், எந்தச் சுவத்துல எந்தத் திசை பாத்து இருந்துச்சு, எல்லாத்தையும் எழுதி வெச்சுடுங்க.

இந்த மாதிரி கல்லு உங்க ஊர்ல மட்டும் இல்ல. சண்டை முடிஞ்சதும் ஆளு நிறைய போன ஊருங்கள்ல சர்க்கார் வெச்சது, பஞ்சாப்ல இருந்து நம்ம பக்கம் வரைக்கும் வாசகம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், எண்ணிக்கை மட்டும் மாறும். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுல பாத்திருப்பீங்க, 277 பேரு போனாங்க, 14 பேரு உயிரைக் கொடுத்தாங்கன்னு இருக்கும். திருச்சி காந்தி மார்க்கெட் முன்னாடியும் ஒரு போர் நினைவுச்சின்னம் நிக்குது, தினம் எத்தனையோ ஆயிரம் பேரு அதைத் தாண்டித்தான் காய்கறி வாங்கப் போறாங்க. 1919ன்னு ஏன் போட்டிருக்குன்னு பசங்க கேட்டா, சண்டை நின்னது 1918 நவம்பர், வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானது 1919 ஜூன், அதான் அந்தக் கணக்கு.

பேரு விஷயத்துக்கு வர்றேன். செத்தவங்க பேரு கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம்னு ஒண்ணு இருக்கு, அவங்க வெப்சைட்ல இலவசமா தேடலாம். 1914 ஆகஸ்ட் 4ல இருந்து 1921 ஆகஸ்ட் 31 வரைக்கும் செத்தவங்களை முதல் போர்க் கணக்குல வெச்சிருக்காங்க, ரெண்டாவது போருக்கு 1939 செப்டம்பர் 3ல இருந்து 1947 டிசம்பர் 31 வரைக்கும். அதுல இந்தியப் படைன்னு தேர்ந்தெடுத்துட்டு, ஆள் பேரைப் போட்டுத் தேடாதீங்க, கூடுதல் தகவல்னு ஒரு இடம் இருக்கும், அங்க ஊரு பேரு, தாலுகா, ஜில்லான்னு போட்டுத் தேடுங்க. இன்னாரு மகன், இந்த ஊரு, வட ஆற்காடுன்னு நிறைய பேருக்குப் பதிஞ்சிருக்கும். அப்போ உங்க பக்கமெல்லாம் வட ஆற்காடு ஜில்லாதானே, இன்னிக்கு இருக்கிற மாவட்டப் பேரை மட்டும் போட்டா நிறைய விட்டுப் போயிடும். ஸ்பெல்லிங் தலைகீழா இருக்கும், கிளார்க்கு காதுல விழுந்ததை எழுதியிருப்பான், முனுசாமியையே நாலு விதமா எழுதியிருப்பாங்க, அதனால எல்லா விதமும் போட்டுப் பாக்கணும். பொறுமை வேணும்.

நம்ம ஆளுங்க பேரு கல்லுல இல்லாம போனதுக்கு உங்க ஊரு சாவடி மட்டும் காரணம் இல்ல. அந்தப் போர்ல இந்திய சிப்பாயிங்க அதிகமா போனது மெசபடோமியாவுக்கு, இப்போ ஈராக், நம்ம ஊருப் பெருசுங்க பஸ்ரான்னு சொல்ற இடம். அங்க செத்து சமாதி கூட தெரியாதவங்களுக்குன்னு பஸ்ராவுல ஒரு பெரிய நினைவுச்சின்னம் கட்டினாங்க, 40,000 பேருக்கு மேல. அதுல வெள்ளைக்காரன்னா சிப்பாய் வரைக்கும் பேரு இருக்கும், இந்தியர்னா ஆபீசருங்களுக்கு மட்டும்தான் பேரு, மத்தவங்க ரெஜிமென்ட்டுக்குக் கீழ இத்தனை இந்திய சிப்பாயிங்கன்னு வெறும் எண்ணிக்கை. அதே போர்ல பிரான்ஸ் பக்கம் செத்து சமாதி தெரியாத நம்மாளுங்க 4,700 பேருக்கு மேல, அவங்க பேரெல்லாம் அங்க நியூவ் ஷப்பெல் நினைவுச்சின்னத்துல இருக்கு. அதாவது ஐரோப்பாவுல செத்தா பேரு, பாலைவனத்துல செத்தா நம்பர். 2021ல அந்த ஆணையமே ஒரு அறிக்கை வெளியிட்டு, 45,000ல இருந்து 54,000 பேரு வரைக்கும் ஆசிய, ஆப்பிரிக்க வீரருங்களைச் சரிசமமா நினைவுகூரலன்னு ஒத்துக்கிட்டு மன்னிப்பும் கேட்டாங்க. நூறு வருஷம் கழிச்சு அவங்களே தப்புன்னு சொன்ன ஒண்ணை உங்க ஊர்ல நீங்க சரி பண்றீங்க. தயவுசெஞ்சு பாதில விட்டுடாதீங்க.

சப்பர்_ரிட்டயர்டு:
தம்பி நான் மெட்ராஸ் சப்பர்ஸ்ல, அதாவது ராணுவத்தோட இன்ஜினியர் படைல, 24 வருஷம் சர்வீஸ் பண்ணிட்டு வந்தவன், பெங்களூர் சென்டர். முதல் போர்ல வட ஆற்காடு, சேலம் பக்கத்துல இருந்து போனவங்க நிறைய பேரு எங்க சப்பர்ஸ்லயும் பயனியர்ஸ்லயும் கர்நாடிக் இன்ஃபன்ட்ரி பட்டாலியன்கள்லயும்தான் இருந்தாங்க. பாலங்கட்டுறது, ரோடு போடுறது, முள்வேலி வெட்டுறது, குண்டு விழுற இடத்துல நின்னுக்கிட்டே. 1914 நவம்பர்ல கிழக்கு ஆப்பிரிக்காவுல டாங்கான்னு ஒரு இடத்துல இறங்கினாங்களே, அதுல 63வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும் 61வது பயனியர்ஸும் இருந்தாங்க, நம்ம ஆளுங்கதான். பழைய மெட்ராஸ் காலாட்படை ரெஜிமென்ட்டை எல்லாம் 1920கள்ல செலவைக் குறைக்கணும்னு கலைச்சுட்டாங்க, அதனால இன்னிக்கு வெலிங்டன்ல இருக்கிற மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டருக்கு எழுதினா முதல் போருக்கு முழுசா கிடைக்கும்னு எதிர்பாக்காதீங்க. ஆனா சப்பர்ஸ் கலையாம தொடர்ந்து இருந்த படை, அல்சூர் ஏரி பக்கம் எங்க சென்டர்ல மியூசியம் இருக்கு, ஒரு லெட்டர் போடுங்க, பேரூராட்சி லெட்டர்பேடுல போட்டா இன்னும் நல்லது.

திரும்பி வந்தவங்க பேரு போடணுமான்னு கேட்டீங்களே, கண்டிப்பா போடணும். கல்லுலயே முதல் வரி போனவங்க எண்ணிக்கைதானே, ரெண்டாவது வரிதான் செத்தவங்க. திரும்பி வந்தவன் என்னத்தைக் கொண்டு வந்தான்னு யாருக்குத் தெரியும், காலு போயி வந்தவன், மலேரியாவோட வந்தவன், ராத்திரி தூக்கத்துல கத்துறவன், அவனுக்கு என்ன வியாதின்னு கூட அப்போ யாரும் சொல்லல. சாகாம வந்ததுனால பேரு இல்லைன்னு சொல்லாதீங்க. செத்தவங்க பேருக்குப் பக்கத்துல ஒரு சின்ன குறி போடுங்க போதும்.

திரும்பி வந்தவங்க பேரைத் தேட வெப்சைட் உதவாது, வீடு வீடாத்தான் போகணும். டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்க. மெடல் இருந்தா முகத்தைப் பாக்காதீங்க, ஓரத்தைப் பாருங்க, விளிம்புல சுத்தி நம்பர், ரேங்க், பேரு, யூனிட் பொறிச்சிருக்கும். பிரிட்டிஷ் வார் மெடல் வெள்ளியில இருந்தா படைவீரன், அதே மெடல் வெண்கலத்துல இருந்தா கூலிப்படையிலயோ சுமை தூக்கவோ போனவரா இருக்கும், அவரும் கணக்குல உண்டு. துடைக்கிறேன்னு புளி போட்டுத் தேய்க்க வேணாம்னு சொல்லுங்க, எழுத்து போயிடும். பின்னாடி நடந்த போருங்களுக்கு டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டர் இருக்கும், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல போயி உதவி இயக்குநரைப் பாருங்க, அவங்க கிட்ட விதவைங்க லிஸ்ட் இருக்கும். 47க்கு அப்புறம் செத்தவங்க பேரை டெல்லியில தேசியப் போர் நினைவுச்சின்னத்துல இருக்கிற பேரோட ஒத்துப் பாத்துக்கோங்க, 2019 பிப்ரவரில திறந்தது, 25,000 பேருக்கு மேல பொறிச்சிருக்காங்க, நம்ம ஊரு பசங்க எத்தனை பேரு அதுல இருக்காங்க தெரியுமா.

இன்னொண்ணு, ரேங்க் வரிசைல பேரு போடாதீங்க. சுபேதார் மேல, சிப்பாய் கீழன்னு வெச்சா நாளைக்கு அதுவே சண்டையாயிடும். எழுத்து வரிசைல போடுங்க.

மலர்_குடியாத்தம்:
சப்பர் ஐயா சொன்னதோட ஒண்ணு சேர்த்துச் சொல்றேன். மெடல் மட்டும் இல்ல தம்பி, முதல் போர்ல செத்தவங்க வீட்டுக்கு வெண்கலத்துல ஒரு வட்டத் தகடு அனுப்பினாங்க, கிட்டத்தட்ட 12 செ.மீ. அகலம், ஒரு பொம்பளை நிக்கிற மாதிரி, பக்கத்துல சிங்கம், அதுல செத்தவரு பேரு எழும்பின எழுத்துல இருக்கும், ரேங்க் இருக்காது. எங்க அம்மா வழிப் பாட்டி வீட்டுல அதைப் பித்தளைச் சாமானோட பரண்ல போட்டு வெச்சிருந்தாங்க, என்னதுன்னே யாருக்கும் தெரியாது, பாத்திரக்காரனுக்குப் போடப் போன நேரத்துல எங்க மாமா எழுத்தைப் பாத்துட்டு நிறுத்தினாரு. அது பாட்டியோட மாமனாரோட அண்ணன் பேரு. அவருக்குக் கல்யாணம் ஆகி சம்சாரம் இருந்தாங்க, குழந்தை கிடையாது. அந்தம்மா கடைசி வரைக்கும் தாலியைக் கழட்டலையாம், ஏன்னா உடம்பு வரலையே, காகிதம் தானே வந்துச்சு. இதெல்லாம் தூண்ல எழுத முடியாது, ஆனா பேரு கேக்கப் போறப்ப கூட ஒரு நோட்டு கொண்டு போயி பொம்பளைங்க சொல்றதையும் எழுதிக்கோங்க, ஆம்பளைங்களுக்கு ரெஜிமென்ட் பேரு தெரியும், பொம்பளைங்களுக்குத்தான் யாரு யாருக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்.

அப்புறம் முக்கியமானது. பேரு கேக்க எந்தெந்தத் தெருவுக்குப் போறீங்க? மெடலு, காகிதம், போட்டோ எல்லாம் பத்திரமா இருக்கிறது ஓட்டு வீடும் மாடியும் இருந்தவங்க கிட்டதான். கூரை வீடுன்னா மழையில நனைஞ்சிருக்கும், தீயில போயிருக்கும், பஞ்சத்துல வெள்ளி மெடலை அடகு வெச்சிருப்பாங்க. மெட்ராஸ் சப்பர்ஸ்லயும் பயனியர்ஸ்லயும் பறையர் சமூகத்து ஆளுங்களும் கிறிஸ்தவங்களும் நிறைய பேரு போனாங்க, ஊருக்குள்ள செருப்பு போட்டு நடக்க முடியாத காலத்துல பூட்ஸ் போட்டு நின்னவங்க அவங்க. முஸ்லிம் தெருவுல இருந்தும் போயிருப்பாங்க. அந்தக் கல்லுல இருக்கிற எண்ணிக்கைல அவங்க எல்லாரும் இருக்காங்க. நீங்க பேரு போடுறப்ப ஊர்த்தெரு பேரு மட்டும் வந்துட்டா, கல்லு சொன்ன உண்மையை விட உங்க தூணு சொல்றது கம்மியாயிடும். முதல்ல காலனிக்குப் போங்க, அப்புறம் மத்த தெருவுக்குப் போங்க.

செங்கல்வராயன்_பேரன்:
அந்தப் பெரியவரு பக்கமும் நியாயம் இருக்குங்க, நான் வெளிப்படையாவே சொல்றேன். யாரோட சாம்ராஜ்யத்துக்கு யாரு போயிச் செத்தது? மெசபடோமியாவை அப்போ ஆண்ட துருக்கிக்காரன் நமக்கு என்ன பண்ணினான்? எண்ணெய்க்கிணறு அவனுக்கு, பிணம் நமக்கு. சண்டை முடிஞ்ச கையோட ரௌலட் சட்டம், 1919 ஏப்ரல்ல ஜாலியன்வாலாபாக், இதுதான் அவன் காட்டுன நன்றி. நூறு வருஷம் கழிச்சு நம்ம ஊரு நடுவுல மகா யுத்தம், தியாகம்னு அவன் வார்த்தையையே நாம திரும்பப் பொறிக்கணுமா? பேரு போடுங்க, வேணாம்னு சொல்லல, ஆனா தியாகம்னு போடாதீங்க. அவங்க கொடுக்கல, அவங்க கிட்ட இருந்து எடுத்துக்கிட்டாங்க.

சப்பர்_ரிட்டயர்டு:
தம்பி கோபம் புரியுது. ஆனா போனவன் சாம்ராஜ்யத்துக்குன்னு போகல. மாசம் 11 ரூபா சம்பளம், அதுக்குப் போனான். வீட்டுக்கு மணியார்டர் வரும், வட்டிக்காரன் வாசல்ல நிக்க மாட்டான், அதுக்குப் போனான். 1918ல காந்தியே குஜராத்ல கேடா பக்கம் ஊரு ஊரா போயி பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தாரு, சுயராஜ்யம் கிடைக்கும்னு நம்பினாரு, அவ்ளோ பெரிய மனுஷன் அப்படி நினைச்சப்ப வட ஆற்காட்டுல பசியோட இருந்த பையன் என்ன நினைச்சிருப்பான். முடிவெடுத்த ராஜாவுக்கு யாரும் இங்க தூண் கேக்கல. நம்ம தெருவுல இருந்து போன பையனுக்குத்தான் கேக்குறோம். ஆனா தியாகம்ங்கிற வார்த்தை வேணாம்னு நீங்க சொன்னதுல எனக்கும் சம்மதம்தான். போனாங்க, இவங்க திரும்பல, இது போதும்.

பழைய_காகிதம்:
வாசகம் பத்தி நானும் அதே கட்சி. பழைய கல்லோட வாசகத்தை மாத்தாதீங்க, அது அந்தக் காலத்துச் சாட்சி, அப்படியே இருக்கட்டும். அதுக்குக் கீழ தமிழ்ல புதுசா எழுதுறது உங்க ஊரு வாசகமா இருக்கட்டும்.

உளிச்சத்தம்:
நான் கல்லு வேலை பாக்குறவன். யாராவது பெயின்ட் ஸ்பான்சர் பண்றேன்னு வருவாங்க, வாங்கவே வாங்காதீங்க. பழைய கல்லு மேல எனாமல் அடிச்சா உள்ள இருக்கிற ஈரம் வெளிய வர வழியில்லாம மேல்பத்து உரிஞ்சு எழுத்தோட வந்துடும், நிறைய கோயில் கல்வெட்டு இப்படித்தான் போச்சு. ஆசிட் வேணாம், கம்பி பிரஷ் வேணாம், மணல் அடிக்கிற மிஷின் வேணவே வேணாம். தண்ணி, மெத்துனு தேங்காய் நார் பிரஷ், அவ்ளோதான். பாசி இருந்தா ஊற வெச்சு மரக்குச்சியால எடுங்க.

சுவத்துல இருந்து கழட்டுறதுதான் பெரிய கண்டம். ஜேசிபி பக்கத்துலயே வரக்கூடாது. கல்லைச் சுத்தி இருக்கிற செங்கலையும் சுண்ணாம்புக் காரையையும் சின்ன உளியால ஒவ்வொண்ணா எடுத்து, கல்லுக்குப் பின்பக்கம் முழுசா விடுபட்டதுக்கு அப்புறம்தான் தூக்கணும், கடப்பாரை போட்டு நெம்பினா மூலை தெறிச்சிடும். தூக்குறதுக்கு முன்னாடி பின்னாடி கோணி, முன்னாடி தெர்மாகோல், ரெண்டு பக்கமும் பலகை வெச்சுக் கட்டுங்க, படுக்க வெக்காம நிமிர்த்தியே கொண்டு போங்க. புது இடத்துல பதிக்கிறப்ப சிமென்ட்ல நேரா பதிக்காதீங்க, சுண்ணாம்புக் கலவைல பதிங்க, இன்னொரு தடவை ரோடு போட வந்தா கழட்ட முடியணும் இல்ல. தரையில இருந்து ஒரு ரெண்டடியாவது உயரத்துல வைங்க, இல்லன்னா மழைத்தண்ணியும் உப்பும் ஏறும். மேல ஒரு சின்ன கூரை இருந்தா நல்லது. கிரானைட் பலகைல மிஷின் எழுத்து வேணாம், மேலாப்புல கீறின மாதிரி பெயின்ட் போட்டுத் தருவாங்க, பத்து வருஷத்துல பெயின்ட் போனா படிக்கவே முடியாது. கையால ஆழமா வெட்டச் சொல்லுங்க, செலவு கூடத்தான் ஆகும்.

ஆத்தோரத்தான்:
எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுறேன். மலர் அக்கா சொன்னதைப் பசங்க கிட்ட படிச்சுக் காட்டினேன், நாளைக்கு காலனில இருந்துதான் ஆரம்பிக்கிறோம், அங்க ஒரு டீச்சர் அக்கா கூட வர்றேன்னு சொல்லியிருக்காங்க. பேரூராட்சி இ.ஓ. (செயல் அலுவலர்) கிட்ட மனு கொடுத்திருக்கோம், மன்றக் கூட்டத்துல தீர்மானம் போடச் சொல்லி கவுன்சிலருங்களையும் பாத்தாச்சு, நெடுஞ்சாலைத்துறைக்கும் ஒரு காப்பி அனுப்பியிருக்கோம், தீர்மானம் வர்ற வரைக்கும் சாவடியத் தொட வேணாம்னு. உளிச்சத்தம் அண்ணே, கழட்டுற அன்னிக்கு உங்களால வர முடியுமா, வண்டிச் செலவு நாங்க பாத்துக்குறோம்.

ஒரு சந்தேகம். வெப்சைட்ல எங்க ஊரு பேரு போட்டுத் தேடினதுல சில பேரு வந்திருக்கு, அதுல ஒருத்தருக்கு அப்பா பேரு இருக்கு, ஆனா அதே பேர்ல பக்கத்து தாலுகாவுலயும் ஒரு ஊரு இருக்கு. எங்க ஊருதான்னு உறுதியா சொல்ல முடியல. வெட்டிட்டா அப்புறம் அழிக்க முடியாதே. அதே மாதிரி கல்லுல இருக்கிற எண்ணிக்கை அளவுக்குப் பேரு கிடைக்கலன்னா என்ன பண்றது?

பழைய_காகிதம்:
உறுதி ஆகாத பேரை வெட்டாதீங்க, ஒரு நோட்டுல தனியா எழுதி லைப்ரரில வைங்க. அப்பா பேரு இருக்குன்னா ரெண்டு ஊருக்கும் போயி விசாரிக்கலாம், அந்த வீட்டு வம்சத்துல தாத்தா பேரு திரும்பத் திரும்ப பேரனுக்கு வர்றது வழக்கம்தானே, அது ஒரு துப்பு. ரெஜிமென்ட் நம்பரையும் பாருங்க, ஒரே நாள்ல ஒரே ஊர்ல இருந்து சேர்ந்தவங்களுக்கு அடுத்தடுத்த நம்பரா இருக்க வாய்ப்பு உண்டு, உங்க ஊருன்னு உறுதியான ஒருத்தரு நம்பருக்குப் பக்கத்துல இவரு நம்பர் இருந்தா பலமான சாட்சி. பக்கத்து ஊர்க்காரங்களுக்கும் தகவல் சொல்லுங்க, அவங்க ஊர்லயும் ஒரு கல்லு இருக்கலாம்.

பேரு குறைஞ்சா குறையட்டும், பலகைல இடம் விட்டு வைங்க. கல்லுல இருக்கிற எண்ணிக்கைல எத்தனை பேரு இன்னும் கிடைக்கலையோ அத்தனை வெத்து வரி விடுங்க, ஒவ்வொரு வரிக்கும் ஒரு கோடு மட்டும் கீறி. பாக்குற எவனாவது இது எங்க பெரியப்பா தாத்தா வரின்னு சொல்லிக்கிட்டு வருவான்.

உளிச்சத்தம்:
வர்றேன் தம்பி. வண்டிச் செலவெல்லாம் வேணாம், சாப்பாடு போட்டா போதும். கிழமை முன்னாடியே சொல்லுங்க, செவ்வாய் எனக்கு ஆகாது. கோணியும் பலகையும் நீங்க ரெடி பண்ணி வைங்க, சுண்ணாம்பு நான் கொண்டு வர்றேன், கடைல வாங்குற பாக்கெட் சுண்ணாம்பு இதுக்கு ஒத்து வராது.